பள்ளிக்கூடச் சோறும் ஊர்ப் பங்கும்

(கண்டமங்கலம் வட்டார வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் வானொலி உழவர் நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



நான் பேச வந்தால் விதை நேர்த்தி, அடியுரம், பூச்சி மருந்து என்றுதான் பேசுவது வழக்கம். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "இது உங்க இலாகா இல்லையே சார்" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பள்ளிக்கூடச் சோற்றின் கதையை எந்தப் பக்கமிருந்து தொட்டாலும் அது கடைசியில் கழனியிலும் கொல்லையிலும் வந்துதான் நிற்கும்.

நாற்றுக்கு அடியுரம் சரியாக இல்லை என்றால் பிறகு எவ்வளவு மேலுரம் போட்டாலும் தூர் கட்டாது. இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கும் அதே கணக்குதான். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. இந்தச் சின்ன உண்மையை அரசாங்கங்கள் ஒத்துக்கொண்டு அடுப்பு மூட்டவே ரொம்ப காலம் ஆயிற்று. அந்தக் கதையை முதலில் பார்ப்போம்.

ஓரணாச் சிற்றுண்டி

பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவது நம்ம நாட்டில் மட்டும் நடந்த காரியம் அல்ல. ஜப்பானில் சுருவோக்கா என்ற ஊரில் 1889-ஆம் ஆண்டிலேயே ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 1906-இல் இதற்கென்று ஒரு சட்டமே வந்தது.

நம்ம பக்கத்தில் முதல் அடுப்பு எரிந்தது சென்னையில். 1920-ஆம் ஆண்டு, பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த நேரம். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது என்பது நிபந்தனை. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். அதில் ஓரணா!

அந்த ஓரணா என்ன செய்தது தெரியுமா? பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு இதை விரிவுபடுத்தினார்கள். அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922-23-இல் படித்த பிள்ளைகள் 811 பேர். 1924-25-இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரட்டிப்புக்கும் மேலே. ஆனால், தொடக்கக் கல்விக்கு ஒதுக்கிய நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் மறுப்புச் சொல்லி, 1925 ஏப்ரல் மாதம் முதல் அதை நிறுத்திவிட்டது. சாப்பாடு நின்றதும் பிள்ளைகளும் நின்றார்கள். பிற்பாடு மாநகராட்சி மறுபடியும் முயற்சி எடுத்துத்தான் அடுப்பை மூட்ட வேண்டியிருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது. கண்டமங்கலத்திலிருந்து கிழக்கே போகிற சாலை நேராகப் புதுச்சேரிக்குத்தான் போகிறது. அங்கே பிரெஞ்சுக்கார நிர்வாகம் இருந்த காலத்தில், 1930-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க ஆரம்பித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சோறு வந்து கால் நூற்றாண்டு கழித்துத்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மதிய உணவு என்ற பேச்சே வந்தது.

களத்து மேட்டிலிருந்து வந்த சோறு

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்துக்கு வருவோம். சேரன்மாதேவிப் பக்கம் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து, "ஏன் தம்பி, பள்ளிக்கூடம் போகலையா?" என்று அவர் கேட்டதாகவும், "போனா சோறு யார் போடுவா?" என்று பையன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கேள்வி அன்றைக்கு ஒவ்வொரு ஊரிலும் இருந்த கேள்வி. கன்றுக்குட்டி மேய்க்கிற பையன் அரைவயிற்றுக் கூழாவது கொண்டு வருவான். பள்ளிக்கூடம் போனால் அதுவும் இல்லை.

1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார். இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் அது அரசாங்கக் காசில் நடக்கவில்லை. ஊர் மக்கள் கொடுத்ததில்தான் நடந்தது. அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கொடுத்தவர்கள் உண்டு. காய்கறி, விறகு, பாத்திரம் என்று கொடுத்தவர்களும் உண்டு. கையில் இருந்த காசைக் கொடுத்தவர்களும் உண்டு. களத்து மேட்டில் மரக்கால் போட்டு அளக்கும்போதே "இது பள்ளிக்கூடத்துக்கு" என்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்த விவசாயிகளின் திட்டம் அது.

1957-இல் அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்று கணக்கு வைத்தார்கள். அதில் 6 பைசா அரசாங்கம், மீதி 4 பைசா உள்ளூர்ப் பங்கு. பத்தில் நாலு பங்கு ஊருடையது! இந்த நாலு பைசாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் அதற்கு வருவேன்.

1961-லிருந்து 'கேர்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் உதவி வந்தது. பால் பவுடர், மஞ்சள் சோள மாவு, எண்ணெய் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. அந்த மஞ்சள் உப்புமாவைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்கும் நம்ம ஊர்த் திண்ணைகளில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், ருசியைச் சொல்லுவார்கள். பசிக்கு அது உதவியது, சும்மா சொல்லக்கூடாது. ஆனாலும் நம்ம பிள்ளையின் தட்டுக்கு வேறு நாட்டுக் கழனியை எதிர்பார்த்து நிற்கிற நிலைமை அது.

ஒவ்வொன்றாகச் சேர்ந்த தட்டு

1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமங்களில் 2 வயது முதல் 9 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு. 1984-இல் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. இவ்வளவு செலவு தாங்குமா என்று கேட்காத ஆள் இல்லை. ஆனாலும் ஊருக்கு ஊர் ஒரு சமையல் கூடம், அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஒரு பெரிய ஏற்பாடு நிலைத்துவிட்டது. விதவைகள், ஆதரவற்ற பெண்கள் பல பேருக்கு அந்த அடுப்படியிலேயே ஒரு பிழைப்பும் கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஒரு விவசாயி மாதிரி உற்றுப் பார்க்க வேண்டும். முதலில் சோறு, பருப்புக் குழம்பு. வயிறு நிறைந்தது, புரதம் போதவில்லை. 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 1998-இல் வாரம் ஒன்று. 2006-இல் வாரம் இரண்டு, 2007-இல் மூன்று, 2010-இல் வாரம் ஐந்து முட்டை என்று ஆயிற்று. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்கு அது ஒரு நிலையான விற்பனையும் ஆயிற்று. வாரத்தில் ஒரு நாள் கொண்டைக்கடலை அல்லது பச்சைப் பயறு, இன்னொரு நாள் உருளைக்கிழங்கு என்று சேர்த்தார்கள். 2013-இல் ஜெயலலிதா ஆட்சியில் தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், கறிவேப்பிலை சாதம், காய்கறி பிரியாணி என்று கலவை சாதங்கள் வந்தன. ஏனென்றால் தினமும் ஒரே சாம்பார் சாதம் என்றால் பிள்ளை பாதியைக் கொட்டிவிடும். கொட்டிய சோற்றில் சத்து இருந்து என்ன பயன்?

தமிழ்நாட்டைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். 1995-இல் மத்திய அரசு தேசிய அளவில் ஒரு திட்டம் போட்டது. ஆனால் பல மாநிலங்களில் சமைத்துப் போடாமல் தானியமாகக் கொடுத்தார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது.

ஆனால் மதியச் சோற்றுக்கு முன்னால் ஒரு காலை இருக்கிறதே! விடியற்காலையில் தாய் நாற்று நடவுக்கோ களை வெட்டவோ போய்விட்டால், பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகும். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் 1,545 பள்ளிகளில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை. 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார் என்று பட்டியல் போட்டார்கள். மகளிர் சுய உதவிக் குழுத் தாய்மார்கள் அடுப்படிக்கு வந்தார்கள். ஆயிரம் விளக்கில் 1920-இல் ஆரம்பித்ததும் சிற்றுண்டிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். நூறு வருஷம் கழித்துச் சக்கரம் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது.

ஆக, இந்த நூறு வருஷக் கதையில் நமக்கு என்ன பாடம்? யார் ஆட்சிக்கு வந்தாலும், முந்தின ஆள் வைத்த தட்டை எடுத்துவிடாமல் அதில் என்ன குறை என்று பார்த்து ஒன்றைச் சேர்த்தார்கள். அரிசி வந்தது, பருப்பு வந்தது, முட்டை வந்தது, பயறு வந்தது, கடைசியில் காலைச் சாப்பாடும் வந்தது. மண் பரிசோதனை செய்து குறைகிற சத்தைப் போடுகிற மாதிரிதான் இதுவும்.

மீதி 145 நாள்

சரி, தட்டு நிறைந்துவிட்டது, நமக்கு வேலை இல்லை என்று இருந்துவிடலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 365 நாள். பள்ளிக்கூடம் நடப்பது சுமார் 200-லிருந்து 220 நாள். மீதி 145 நாளுக்கும் மேலே பிள்ளை நம்ம வீட்டுச் சோற்றில்தான் இருக்கிறது. பள்ளி நாளிலும் சாயங்காலம் நாலரை மணிக்குப் பை தூக்கி வருகிற பிள்ளைக்கு உடனே பசி. அந்த நேரத்துக்கு எந்தத் திட்டமும் இல்லை. அங்கேதான் பெட்டிக்கடைப் பாக்கெட் உள்ளே வருகிறது. பத்து ரூபாய்க்கு ஒரு கலர் பாக்கெட். உள்ளே கொஞ்சம் மாவு, எண்ணெய், நிறைய உப்பு, பாக்கிக் காற்று.

இப்போது நம்ம கண்டமங்கலம் பக்கத்தைப் பார்ப்போம். கழனியில் நெல்லும் கரும்பும். கொல்லையில் மல்லாட்டையும் சவுக்கும் மரவள்ளியும். நாம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை இந்த மண்ணுக்கு வந்து வேரூன்றிய பயிர். மணிலாக் கொட்டை என்ற பெயர்தான் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்து எண்ணெய் ஆலைகளுக்கு இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போனது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் வந்த டி.எம்.வி. 2 ரகம் இந்தியா முழுக்கப் பெயர் வாங்கியது. திண்டிவனம் என்ற பெயரைத்தான் அந்த மூன்று எழுத்தும் சுமக்கிறது.

இத்தனை பெருமை உள்ள மல்லாட்டையில் நம்ம வீட்டுப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? நல்ல திரட்சியான காய் மூட்டையாகிக் கமிட்டிக்குப் போகிறது. சூம்பினது, உடைந்தது, கருத்தது வீட்டுக்கு நிற்கிறது. இதை மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஏனென்றால் மழையில் நனைந்து சரியாகக் காயாத காயில், பூஞ்சணம் பிடித்த பருப்பில், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. வியாபாரி கழித்த பருப்பு பிள்ளைக்கு ஆகவே ஆகாது. கசக்கிற பருப்பை அப்போதே துப்பச் சொல்லுங்கள். காயை நன்றாக, குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் கேட்கிற அளவுக்குக் காய வைத்து, ஈரமில்லாத இடத்தில் தோலோடு வையுங்கள்.

நல்ல பருப்பாக இருந்தால் அதன் மதிப்பே வேறு. நூறு கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பருப்பில் 7 கிராம் வரும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். தரத்தில் முட்டைப் புரதம் உசத்தி என்றாலும், அளவில் கொல்லையில் விளைகிற ஒரு கைப்பிடி அதோடு போட்டி போடும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுப் பருப்பாகக் கொடுக்காதீர்கள், புரையேறும். இடித்து, பொடியாக்கிக் கொடுங்கள். சில பிள்ளைகளுக்கு மல்லாட்டை ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்; பிறகு தரவே கூடாது.

வீட்டிலேயே ஆகிற சிற்றுண்டி

பெரிய சமையல் ஒன்றும் வேண்டாம். கழனி வேலை முடிந்து வருகிற தாய்க்கு எது முடியுமோ அதைத்தான் சொல்கிறேன்.

காலையில் மல்லாட்டையைத் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்து எடுத்து வையுங்கள். சாயங்காலம் பிள்ளை தானே உரித்துத் தின்னும். நனைத்து வைத்த காராமணியோ பச்சைப் பயறோ இருந்தால் சுண்டல் கால் மணி நேர வேலை. வறுத்த மல்லாட்டையும் வெல்லமும் சேர்த்து இடித்தால் உருண்டை; நம்ம கரும்பு வெல்லம்தானே, கடையில் தேட வேண்டாம். கேழ்வரகு மாவில் முருங்கைக் கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டினால், ஆறினாலும் கெட்டுப் போகாது. டவுன் பஸ் பிடித்து மேல் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குக் காலையில் கையில் கொடுத்து அனுப்பலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்தது, கொய்யா, வாழைப்பழம் இவற்றுக்கு அடுப்புக் கூட அதிகம் வேண்டியதில்லை.

இதில் சத்து எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அரிசிப் புரதத்தில் ஒரு சத்து குறைவு. அது பயறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைகிறது அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தாங்கும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராமுக்குக் கிட்டச் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். எலும்பு வளர்கிற வயதில் இது பெரிய வித்தியாசம். கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அரை எலுமிச்சையோ ஒரு நெல்லிக்காயோ கூடவே வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் அந்த இரும்புச் சத்தில் பெரும்பகுதி வீணாகும். பிள்ளைக்கு டீ எதற்கு? மோர் கொடுங்கள்.

"இதுக்கெல்லாம் தனியா நிலம் ஏது சார்?" என்பீர்கள். தனி நிலம் கேட்கவில்லை. மல்லாட்டை விதைக்கும்போது ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போடலாம். வரப்பில் காராமணியும் உளுந்தும் ஊன்றலாம். கரும்பு வந்த பிறகு கேழ்வரகும் கம்பும் போன இடம் தெரியவில்லை. பத்து சென்டில் கேழ்வரகு போட்டால் ஒரு வீட்டுக்கு அடைக்கு ஆகும். மோட்டார் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரம் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை. வீட்டு அங்காடி என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

உங்கள் நாலு பைசா

முன்னே சொன்ன நாலு பைசாவுக்கு வருகிறேன். அன்றைக்குப் பத்தில் நாலு பங்கு ஊர் கொடுத்தது. இன்றைக்கு நுகர்பொருள் வாணிபக் கழகம் அரிசியும் பருப்பும் எண்ணெயும் பள்ளிக்கு அனுப்புகிறது. அந்த அரிசியும் உங்களைப் போன்றவர்கள் கொள்முதல் நிலையத்தில் அளந்த நெல்தான். ஆனால் விற்றுவிட்டோம், அதோடு நம்ம பங்கு முடிந்தது என்று ஆகிவிட்டது. 1956-இல் கையில் காசு இல்லாத விவசாயி ஊரார் பிள்ளைக்கு ஒரு மரக்கால் ஒதுக்கினார். இன்றைக்கு அவரைவிட நமக்கு வசதி அதிகம். சொந்தப் பிள்ளைக்கு ஒரு மூட்டை ஒதுக்க முடியாதா?

வருகிற பட்டத்தில் மல்லாட்டை பிடுங்கி, காய வைத்து, மூட்டை பிடிக்கிறபோது, எடை போடுவதற்கு முன்னால் முதல் மூட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். கழிவை அல்ல, திரண்ட காயை. அதன் மேல் சுண்ணாம்பால் ஒரு அடையாளம் போட்டு, "இது பிள்ளைங்களுக்கு" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். முடிந்தவர்கள் கொல்லையில் விளைகிற முருங்கைக் கீரையில் ஒரு கட்டை வாரம் ஒரு நாள் ஊர்ப் பள்ளி சத்துணவுக் கூடத்துக்கும் கேட்டுக் கொடுங்கள். அமைப்பாளர் அம்மா வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

விதைக்கு என்று எடுத்து வைத்த மூட்டையை எந்தக் கஷ்டத்திலும் நாம் விற்பதில்லை. பிள்ளைக்கு எடுத்து வைப்பதும் அதே விதை மூட்டைதான்.